சுவருக்கும் வாய் உண்டு

‘சுவருக்கும் காது உண்டு’ என்பது பழமொழி. இரகசியம் பேசுவோருக்கு அது நல்ல எச்சரிக்கை. பாட்டை ஒலிப்பதிவு செய்யப் புகுவோருக்கோ அதைவிட முக்கியமான வேறோர் உண்மை உண்டு. சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, வாய் நிச்சயமாக இருக்கிறது. நாம் ஒரு சொல் சொன்னால் அது ஒன்பது சொல்லுகிறது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் தமிழ் மன்றத்தின் பணம் 18,000 ரூபாயைச் செலவழித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பாடம் மற்ற மாணவர்களுக்காவது செலவில்லாமல் கிடைக்கட்டும் என்றே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் பௌதிக மாணவன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெட்கம் இரு மடங்கு என்பது உங்களுக்கு விளங்கும்.

கொல்கத்தாவில் படிக்க வரும் தமிழ் மாணவர்களுக்கு லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தாய்வீடு போன்றது. தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களுள் எண்பது வயது கடந்த பெரியவர் ஒருவர் எங்கள் பொங்கல் விழாவுக்கு வந்திருந்தார். அவர் கணக்கெழுதிப் பிழைத்தவரேயன்றிச் சங்கீத வித்துவான் அல்லர். ஆயினும் இளமையில் தம் தாயும் பாட்டியும் பாடக் கேட்ட தாலாட்டு, நலுங்கு, கும்மி, காவடிச் சிந்து என நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் அவர் நெஞ்சில் இருந்தன. எழுதி வைத்த ஏடு எதுவும் இல்லை. அவர் இருக்கும்போதே அவற்றைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானித்தோம். விடுதியின் கீழ்த்தளக் கோடியில் ஓர் அறை கிடைத்தது. நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. சிமெண்டுப் பூச்சுச் சுவர், மொசைக் தரை, கான்கிரீட் கூரை. நம் நாட்டில் பல அறைகள் இப்படித்தான் இருக்கும்.

கைதட்டினால் அறை கணகணவென்று முழங்கிற்று. ‘அகூஸ்டிக் பேனல் ஒட்டினால் சரியாகிவிடும்’ என்றார் ஒருவர். ஒரு கடைக்குப் போனோம். பிரமிட்டுப் பிரமிட்டாக வெட்டிய, ஓர் அங்குலத் தடிப்புள்ள கரிய நுரைச் சதுரங்களைக் காட்டினார்கள். பார்க்க மிக அழகாக இருந்தன. ‘இதை ஒட்டினால் வெளியே ஒரு சத்தமும் போகாது’ என்றும் சொன்னார்கள். நம்பினோம். நூறு சதுர அடி வாங்கிச் சுவர்களில் ஒட்டினோம்.

பெரியவர் வந்தார். ஒன்றரைக் கட்டைச் சுருதியில் ஒரு தாலாட்டுப் பாடினார். பதிவைப் போட்டுக் கேட்டபோது எங்கள் முகங்கள் வாடின. ‘ச’வும் ‘ற’வும் மழுங்கிக் கிடந்தன. பாட்டு மந்தர ஸ்தாயியில் தைவதத்துக்கு இறங்கிய போதெல்லாம் ‘ஊம்’ என்று ஒரு முழக்கம் எழுந்து சொற்களை விழுங்கியது. பெரியவர் கேட்டுவிட்டு, “குரல் என்னுடையதுதான் தம்பி. ஆனால் கிணற்றுக்குள்ளே நின்று, வாயில் துணியைப் பொத்திக்கொண்டு பாடினாற்போல இருக்கிறதே!” என்றார். அதற்குள் பக்கத்து அறை வங்காளி நண்பர் கதவைத் தட்டினார். “பாட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் நாளைக்குப் பரீட்சை எனக்கு” என்றார். ஆக, உள்ளேயும் பயனில்லை, வெளியேயும் பயனில்லை. பணம் போனதுதான் மிச்சம்.

எங்கே தவறினோம்? ஒன்றல்ல, மூன்று இடங்களில் தவறினோம்.

தடுப்பது வேறு, உறிஞ்சுவது வேறு

முதல் தவறு, ஒலியைத் தடுப்பதையும் ஒலியை உறிஞ்சுவதையும் ஒன்றென்று எண்ணியது. அறைக்குள் எழும் ஒலி வெளியே போகாமல் தடுப்பது பளு. கனமான செங்கல் சுவர் தடுக்கும். காற்றுப் புகாமல் இறுக மூடிய கனத்த கதவு தடுக்கும். சுவரின் எடையை இரட்டித்தால் அதைக் கடந்து செல்லும் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும் என்பது பொது விதி. நுரைக்கு எடை ஏது? ஒரு சதுர அடி நுரையை இரண்டு விரலால் தூக்கலாம். எங்கள் அறையில் ஒலி வெளியேறிய வழி கதவுக்கடியில் இருந்த அரை அங்குல இடுக்கு. பிறகு அதில் ஒரு ரப்பர்ப் பட்டையை அடித்தோம். 18,000 ரூபாய் நுரை செய்யாத வேலையை அந்தப் பட்டை செய்தது.

உறிஞ்சும் பலகையின் வேலை வேறு. உள்ளே பிறந்த ஒலி சுவரில் மோதித் திரும்பி, மீண்டும் மைக்கில் விழாதபடி தின்றுவிடுவதே அதன் வேலை. எனவே பேனல் வாங்கப் போகும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: ‘என் தொல்லை பக்கத்து வீட்டுக்காரரா, என் அறையின் முழக்கமா?’ பக்கத்து வீட்டுக்காரர் என்றால் கதவையும் சன்னலையும் பாருங்கள். முழக்கம் என்றால் மேலே படியுங்கள். முட்டை அடுக்கும் அட்டைகளைச் சுவரில் ஒட்டும் வழக்கமும் நாட்டில் உண்டு. அவை ஒலியைத் தடுக்கவும் மாட்டா. உருப்படியாக உறிஞ்சவும் மாட்டா.

சேபைன் காட்டிய கணக்கு

அறையின் முழக்கத்துக்கு முதன்முதலாகக் கணக்குப் போட்டவர் வாலஸ் சேபைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1895இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அறையில், பேசுவது ஒன்றுமே விளங்கவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆயிற்று. அதைச் சரிசெய்யும் பணி இளைஞரான சேபைனிடம் வந்தது. பக்கத்திலிருந்த ஓர் அரங்கின் நாற்காலி மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்குவார். ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளப்பார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து பிறந்தது ஓர் எளிய சூத்திரம். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பனி மண்டபம் அவர் ஆலோசனையில் உருவானது.

சூத்திரம் இதுதான்: அறையின் கன அடியை 0.049ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சலால் வகுத்தால், முழக்கம் அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும். உறிஞ்சலின் அலகு சேபைன். தன் மேல் விழும் ஒலி முழுவதையும் விழுங்கிவிடும் ஒரு சதுர அடிப் பரப்பு, ஒரு சேபைன். திறந்த சன்னல் அப்படிப்பட்டது. ஒரு பொருள் விழுங்கும் பங்கே அதன் உறிஞ்சல் எண். திறந்த சன்னலுக்கு 1, சிமெண்டுப் பூச்சுக்குச் சுமார் 0.02.

எங்கள் அறைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 கன அடியை 0.049ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 59. சுவர், தரை, கதவு, உள்ளே இருக்கும் ஆட்கள் எல்லாம் சேர்ந்து 25 சேபைன் என்று கொள்வோம். 59ஐ 25ஆல் வகுத்தால் 2.4 விநாடி. அந்த நேரத்துக்குள் பாடகர் ஐந்தாறு சொற்களைச் சொல்லிவிடுவார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். சிறிய பதிவறைக்கு 0.3 முதல் 0.5 விநாடி வரை இருந்தால் போதுமானது.

இப்போது நூறு சதுர அடி நுரையைச் சேருங்கள். விநாடிக்கு 2,000 அதிர்வும் அதற்கு மேலும் உள்ள உச்ச ஒலிகளில் அதன் உறிஞ்சல் எண் 0.9 வரை போகும். 25உடன் 90 சேர்ந்து 115. நேரம் அரை விநாடியாகக் குறையும். சபாஷ்! ஆனால் 125 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலியில் அதே நுரையின் எண் 0.1 அளவுதான். 25உடன் 10 மட்டுமே சேரும், நேரம் 1.7 விநாடி. ‘ச’வின் கூர்மை உடனே அழிகிறது, அடிக்குரலின் முழக்கமோ அப்படியே நிற்கிறது. வாயில் துணியும் கிணறும் ஒருசேர வந்த காரணம் இதுதான். பெரியவரின் காது கணக்குப் போடாமலே கண்டுபிடித்துவிட்டது.

சேபைன் சூத்திரம் பெரிய மண்டபங்களுக்கே நன்றாகப் பொருந்தும். சிற்றறையில், அதிலும் தாழ்ந்த ஒலியில், இது ஒரு மதிப்பீடுதான். ஆயினும் வழிகாட்டப் போதும்.

தடிப்பே முதன்மை

நுரை ஏன் தாழ்ந்த ஒலியை விட்டுவிடுகிறது? ஒலி என்பது காற்றின் அசைவு. அந்த அசைவு பஞ்சின் இழைகளுக்குள் புகுந்து உராயும்போது மிகச் சிறு வெப்பமாக மாறி அழிகிறது. அசைவு இருந்தால்தான் உராய்வு. கொடிக்கயிற்றின் ஒரு முனையைச் சுவரில் கட்டி மறுமுனையை ஆட்டிப் பாருங்கள். கட்டிய இடத்தில் கயிறு அசைவதில்லை. சற்று விலகித்தான் அசைகிறது. காற்றும் அப்படியே. சுவரை ஒட்டிய இடத்தில் அது முன்னும் பின்னும் போக வழியில்லை. சுவரிலிருந்து அலையின் நீளத்தில் கால்பங்கு தள்ளிய இடத்திலேயே அசைவு மிகுதி.

கொல்கத்தா வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,145 அடி செல்கிறது. 2,000 அதிர்வுள்ள ஒலியின் அலை நீளம் 7 அங்குலம். கால்பங்கு 2 அங்குலத்துக்கும் குறைவு. ஓர் அங்குல நுரை அதை ஓரளவு எட்டிவிடும். 115 அதிர்வுள்ள ஒலியின் அலை நீளமோ 10 அடி. கால்பங்கு இரண்டரை அடி. அந்த அலைக்கு ஓர் அங்குல நுரை சுவரில் அடித்த வர்ணம் போன்றதே.

ஆகவே பலகை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வடிவமும் நிறமும் அல்ல, தடிப்பு. இரண்டு அங்குலத்துக்குக் குறைந்ததைத் தொட வேண்டாம். நான்கு அங்குலம் நல்லது. சுவரோடு ஒட்டாமல் பலகையின் தடிப்பளவு இடைவெளி விட்டு மாட்டினால், காசில்லாமலே பலகையின் ஆற்றல் தாழ்ந்த ஒலியை நோக்கி இறங்கும்.

கடைக்காரர் என்.ஆர்.சி. என்று ஓர் எண்ணைக் காட்டுவார். 250, 500, 1,000, 2,000 அதிர்வுகளில் எடுத்த நான்கு உறிஞ்சல் எண்களின் சராசரி அது. 125 அதிலே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் ‘125இல் எவ்வளவு?’ என்று தனியே கேளுங்கள். சோதனைச்சாலை அட்டவணையைக் காட்டுபவரிடம் வாங்குங்கள், விழிப்பவரிடம் வாங்காதீர்கள்.

அறை தானும் பாடும்

பெரியவர் தைவதத்தில் இறங்கியபோது மட்டும் முழக்கம் எழுந்ததேன்? அதற்கும் கணக்கு உண்டு. இரண்டு சுவர்களுக்கிடையே ஒலி போய் வரும்போது, அந்த இடைவெளிக்குப் பொருத்தமான சில சுருதிகள் மட்டும் ஓங்கி நிற்கும். 10 அடி இடைவெளிக்கு அவை விநாடிக்கு 57, 114, 171 என்று போகும். எங்கள் அறைக்கு அகலமும் 10 அடி, உயரமும் 10 அடி. இரண்டும் ஒரே சுருதியில் சேர்ந்து ஓங்கின. ஒன்றரைக் கட்டைச் சட்சமம் சுமார் 139 அதிர்வு. அதன் மந்தரச் சதுச்ருதி தைவதம் 115. பெரியவர் அங்கே இறங்கியதும் அறை தானும் கூடவே பாடிற்று! நீளம், அகலம், உயரம் மூன்றும் வெவ்வேறாக உள்ள அறையைத் தேர்ந்தெடுப்பது எந்தப் பேனலையும்விட மலிவான மருந்து. கனசதுரமான அறை கிடைத்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இந்த முழக்கம் மூலைகளில் உச்சமாக இருக்கும். வேண்டுமானால் பாட்டைப் போட்டுவிட்டு மூலையில் போய் நின்று கேளுங்கள். எனவே மிகத் தடித்த பலகைகளுக்கு உரிய இடம் மூலையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாழ்ந்த ஒலியை விட்டு உச்ச ஒலியை மட்டும் தின்னும் அறை, வாத்தியங்களையும் கெடுக்கும். இதே கொல்கத்தாவில் இருந்த காலத்தில் சி. வி. இராமன் 1920இல் நம் மிருதங்கத்தையும் தபலாவையும் ஆராய்ந்து எழுதினார். தோலின் நடுவில் இடும் கருஞ்சாந்தால் அவற்றின் மேல்சுரங்கள் சுருதியோடு இசைந்து ஒலிக்கின்றன என்று காட்டினார். அந்த மேல்சுரங்களே மிருதங்கத்தின் நாதம். எங்கள் நுரை அறையில் நண்பர் வாசித்தபோது, வலந்தலையில் நாதம் போய், வெறும் மரப்பெட்டி போல் ஒலித்தது. ‘அறை முழுவதும் ஒட்டினால் முழு நன்மை’ என்று எண்ணாதீர்கள். நம் இசைக்குச் சிறிது உயிர்ப்பு வேண்டும். முற்றிலும் ஊமையான அறையில் பாடகருக்கே சுருதி தளரும்.

நெருப்பும் நினைவிருக்கட்டும்

மூன்றாவது தவறு எங்களுக்குத் தெரியாமலே செய்தது. தண்டனை இல்லாமல் தப்பியது. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஓர் இசை விடுதியில், மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரையில் பட்டது. சில நிமிடங்களில் விடுதி முழுவதும் தீ. 100 பேர் மாண்டார்கள். ஒலிக்காக ஒட்டிய நுரையே தீயைச் சுமந்து சென்றது. அதன் புகையோ கடும் நஞ்சு. எங்கள் அறையில் கதவு ஒன்றே ஒன்று. நுரைக்குப் பக்கத்திலேயே மின்சாரப் பலகை. தீத்தடுப்புச் சான்றிதழ் பற்றி நாங்கள் கேட்கவே இல்லை. பிறகு படித்தபோது உடல் நடுங்கிற்று. அன்றே நுரையைப் பெயர்த்து எறிந்தோம்.

இரண்டாம் முறை

மறுபடியும் நிதி திரட்டினோம். இம்முறை ராக்வூல் எனப்படும் பாறைப் பஞ்சு வாங்கினோம். கட்டிடங்களில் வெப்பம் தடுக்கப் பயன்படுவது, எரியாதது. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 2 அங்குலத் தடிப்பு. இரண்டை அடுக்கி 4 அங்குலமாக்கி, 4 அடிக்கு 2 அடி மரச்சட்டங்களில் பொருத்தினோம். போர்த்துவதற்கு என்ன துணி? ஹூக்ளிக் கரையில் சணலுக்கா பஞ்சம்! சணல் துணியே எடுத்தோம். துணி தேர்வதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. வாயில் வைத்து ஊதுங்கள்; மூச்சு தாராளமாக மறுபக்கம் போனால் ஒலியும் போகும். ரெக்சின் போன்றவை உதவா. துணிக்கும் நெருப்புப் பயம் உண்டாதலால், விளக்கும் மின்கம்பியும் அதை நெருங்காதபடி வைத்தோம். பஞ்சை வெட்டும்போது கையுறையும் முகமூடியும் அவசியம். இழை தோலில் குத்தும், மூச்சில் போகும். இந்த ஊர் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்காமல் இருக்கவும் சுவரோடு விட்ட இடைவெளி உதவுகிறது.

மொத்தம் 12 பலகைகள். கதவுள்ள மூலையை விட்டு மற்ற மூன்று மூலைகளிலும், குறுக்காக, கீழொன்று மேலொன்றாக ஆறு. பின்னாலுள்ள வெற்றிடத்தில் மிச்சப் பஞ்சை அடைத்தோம். பக்கச் சுவர்களில் நான்கு. பாடுபவர் தலைக்கு மேல் கூரையில் இரண்டு. சுவரில் எந்த இடம் என்பதைக் கண்ணாடி சொல்லிற்று. ஒருவர் மைக் வைக்கும் இடத்தில் அமர வேண்டும். மற்றொருவர் சுவரோடு ஒரு முகக்கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பாடுபவர் முகம் கண்ணாடியில் தெரியும் இடமே, ஒலி முதலில் மோதித் திரும்பும் இடம். அங்கே பலகை வேண்டும். எதிர்ச் சுவரில் மன்றத்தின் புத்தக அலமாரியை வைத்தோம். ஏறி இறங்கி நிற்கும் புத்தகங்கள் ஒலியைச் சிதறடித்து, அறைக்கு உயிர் கொடுத்தன. தரையில் ஒரு சமுக்காளம். செலவு 12,000 ரூபாய்.

தொழில்முறைப் பதிவுக்கூடம் அமைப்போர் இதோடு நிற்க முடியாது. அறைக்குள் அறை கட்டி ஒலியைத் தடுப்பார்கள். அளவு சரிபார்த்த மைக்கும் கணினியும் கொண்டு ஒவ்வோர் அதிர்வுக்கும் முழக்க நேரத்தை அளந்து பலகைகளைத் திட்டமிடுவார்கள். வீட்டறைக்குக் காதும் கைதட்டலும் கண்ணாடியும் போதும். ஆனால் இருவருக்கும் வரிசை ஒன்றே: முதலில் நோயை அறி, பிறகு மருந்தை வாங்கு.

பெரியவர் மறுபடியும் வந்தார். அதே தாலாட்டைப் பாடினார். தைவதத்தில் அவர் இறங்கியபோது அவர் குரல் மட்டுமே இறங்கிற்று. அறையின் முழக்கம் முற்றும் மறையவில்லையாயினும், சொல்லை விழுங்காமல் அடங்கி நின்றது. “இப்போது நான்தான் பாடுகிறேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆனால் முதல் பதிவுக்கும் இரண்டாம் பதிவுக்கும் இடையே ஐந்து மாதங்கள் ஓடிவிட்டன. அதற்குள் அவரைப் புனேயிலுள்ள மகன் வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடாகிவிட்டது. புறப்படும் முன் எங்களுக்குக் கிடைத்தவை மூன்று மாலைகள். பதிவானவை பதினொரு பாடல்கள். மற்றவை அவரோடு போயின. தொலைபேசியில் பாடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், காத்திருக்கிறோம். அந்த 18,000 ரூபாயை மன்றம் எப்படியாவது ஈட்டிவிடும். ஐந்து மாதங்களை ஈட்ட முடியாதன்றோ?

நண்பர்களே, உங்கள் ஊரிலும் விடுதிக்கு அருகிலேயே இப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கக்கூடும். பேனலுக்காகக் காத்திராதீர்கள். மெத்தையும் போர்வையும் துணி அடுக்கிய பீரோவும் உள்ள படுக்கையறையில், சன்னலைச் சாத்திக்கொண்டு இன்றே பதிவைத் தொடங்குங்கள். சேபைனும் மெத்தையில்தானே தொடங்கினார்! பலகை வாங்கும் நாள் வரும்போது, தடிப்பைக் கேளுங்கள். 125 அதிர்வில் எண்ணைக் கேளுங்கள். நெருப்புச் சான்றிதழைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன், அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டி, சுவர் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.